பெயர்த்தெடுத்த நகரம்

பொம்பேயிக்குப் போய்வந்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்வார்கள். தெரு இருக்கிறது, வாசல் இருக்கிறது, முற்றம் இருக்கிறது. வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. நல்ல சிவப்புச் சாயம் பூசிய சுவரின் நடுவில் சதுரமாக ஒரு பள்ளம் தெரியும். அங்கே இருந்த படம் எங்கே என்று கேட்டால் வழிகாட்டிகள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: நேப்பிள்ஸில்.

பொம்பேயியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். ரோமானியரின் சுவரோவியங்களையும் மொசைக் தரைகளையும் வெண்கலச் சிலைகளையும் இவ்வளவு ஒருசேரக் காண வேறு இடம் கிடையாது. கலை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் படங்களில் பல இந்த ஒரு கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே இருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி காட்சிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. தரையாக, சுவராக, விளக்குத் தண்டாக, குளியல் மண்டபத்து மூலையாக, வாசலில் தொங்கும் மணியாக இருந்தவை இவை. அவற்றைப் பெயர்த்து, சட்டமிட்டு, எண் போட்டு வைத்தபோதுதான் அவை ‘ரோமானியக் கலை’ ஆயின. ஆகவே இந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளின் முன்னும் முதலில் கேட்க வேண்டியது ‘இது எவ்வளவு அழகு’ என்பதை அல்ல, ‘இது எங்கே இருந்தது’ என்பதை. அதைக் கேட்காமல் சுற்றிவருபவர் பார்ப்பது பதினெட்டாம் நூற்றாண்டு அரசர் ஒருவரின் ரசனையைத்தான்.

அந்த அரசர் சார்லஸ். ஸ்பெயின் நாட்டு போர்போன் குடும்பத்து இளவரசர். 1734இல் நேப்பிள்ஸைக் கைப்பற்றி அரசரானார். அவருடைய தாய் எலிசபெத்தா ஃபார்னேசே. ரோம் நகரில் போப்பாண்டவர் ஒருவரைத் தந்த அந்தக் குடும்பம் இரண்டு நூற்றாண்டுகளாகச் சேர்த்த சிலைகளும் மணிக்கற்களும் தாய்வழிச் சொத்தாக அவருக்கு வந்தன. கூடவே வேறு எந்த அரசருக்கும் வாய்க்காத ஒன்றும் வாய்த்தது: அவருடைய மண்ணுக்கடியில் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த நகரங்கள் கிடந்தன. 1738இல் ஹெர்குலேனியத்தையும் 1748இல் பொம்பேயியையும் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டியது பொம்பேயி என்பதே அவர்களுக்கு 1763இல் ஒரு கல்வெட்டு கிடைத்தபிறகுதான் உறுதியானது.

கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைப்படை லாயமாக எழும்பத் தொடங்கியது, 1616 முதல் பல்கலைக்கழகமானது. 1777இல் சார்லஸின் மகன் ஃபெர்டினாந்து அதை அருங்காட்சியகமாக்க முடிவுசெய்தார். 1816இல் அரச போர்போன் அருங்காட்சியகம் என்று பெயர். 1860இல் இத்தாலிய ஒருங்கிணைப்புத் தளபதி கரிபால்டி வந்தபின் நாட்டுடைமை. பிற்கால ஓவியங்கள் கப்போதிமோந்தே அரண்மனைக்குப் போனபிறகு, 1957இல் இது முழுக்கத் தொல்லியலுக்கென்றானது.

தோண்டிய முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஹெர்குலேனியம் சில இடங்களில் 20 மீட்டர் ஆழத்தில் கல்லாய் இறுகிய எரிமலைச் சாம்பல் படிவின் அடியில் இருந்தது. பொறுப்பேற்ற ராணுவப் பொறியாளர் அல்குபியர்ரே சுரங்கம் வெட்டித்தான் உள்ளே போனார். நகரத்தை வெளிக்கொணர்வது நோக்கமல்ல. அரண்மனைக்கு அழகான பொருள் வேண்டும். ஒரு கட்டடத்தில் சுவரில் பதித்திருந்த வெண்கல எழுத்துகளைக் கண்டார்கள். வாசகம் என்னவென்று எழுதிவைத்துக்கொள்ளாமலேயே எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டு அரசருக்குக் காட்டினார்கள். அந்த வாசகம் அத்தோடு போயிற்று. நான்கு குதிரை பூட்டிய வெண்கலத் தேர் ஒன்று துண்டுதுண்டாகக் கிடைத்தது. துண்டுகளில் கொஞ்சத்தை உருக்கி அரசர், அரசியின் உருவங்களை வார்த்தார்கள். எஞ்சியவற்றை ஒட்டுப்போட்டு ஒரே ஒரு குதிரையைத் தேற்றினார்கள். அந்தக் குதிரை இன்றும் அருங்காட்சியகத்தில் கம்பீரமாக நிற்கிறது. அறிஞர் மத்சோக்கி அதற்கு லத்தீனில் வாசகம் எழுதிக் கொடுத்ததால் மத்சோக்கி குதிரை என்றே பெயர். குதிரை அழகுதான். அது ஒரு குதிரை அல்ல, பல குதிரைகளின் மிச்சம் என்பதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

இவற்றையெல்லாம் 1762இல் வெளியுலகுக்கு அம்பலப்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மான். அவருடைய கடிதம் அச்சில் வந்ததும் நேப்பிள்ஸ் அரசவை கொதித்தது. அவர் சொன்னதில் பொறாமையும் கொஞ்சம் கலந்திருந்தது என்று எனக்குத் தோன்றும். அதனால் அது பொய்யாகிவிடாது.

சுவரோவியத்தை எடுப்பது தனி வேலை. ஈரக் காரையின்மேல் தீட்டிய ஓவியம் காரையோடு ஒன்றிப்போயிருக்கும். வண்ணத்தை மட்டும் உரிக்க வழியில்லை. வேண்டிய படத்தைச் சுற்றி உளியால் ஆழமாகக் கோடு இழுப்பார்கள். நான்கு பக்கமும் மரச் சட்டம் கட்டி, பின்னாலிருந்து சுவரை அறுத்து, பலகை போலக் காரைத் துண்டைத் தனியே எடுத்துப் பின்பக்கத்தில் கல் பலகை கொடுத்து ஒட்டுவார்கள். பிறகு மேலே வார்னிஷ். மோரிக்கோனி என்ற பீரங்கிப்படை அதிகாரி கண்டுபிடித்த வார்னிஷ் அது. வண்ணம் மங்காமல் காக்கும் என்று சொல்லி எல்லாவற்றின் மேலும் பூசினார்கள். நாளடைவில் அதுவே பழுப்பேறி, காரையை இறுக்கி, பல படங்களைக் கெடுத்தது. எடுக்கத் தகுதியில்லை என்று விட்ட ஓவியங்களின் கதி இன்னும் மோசம். வேறு யாரும் எடுத்துப்போய்விடக் கூடாதென்று அவற்றைக் கொத்திச் சிதைக்கும் வழக்கம் இருந்தது. 1763இல் அரசாணை போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்.

அப்படி வெட்டும்போது எதை எடுத்தார்கள்? ஒரு ரோமானியச் சுவர் முழுவதுமாகத் திட்டமிட்ட ஒன்று. கீழே கரும்பட்டை, நடுவில் சிவப்பு அல்லது மஞ்சள் பரப்பு, மெல்லிய தூண்கள், மேலே வானம் தெரியும் பொய்ச் சாளரங்கள், இவற்றின் நடுவே ஒரு புராணக் காட்சி. நடுக்காட்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் ‘படம்’ என்று கண்டுகொண்டார்கள். மிச்சம் அவர்களுக்கு வெறும் அலங்காரம். விளைவு, அருங்காட்சியகத்தின் சுவரோவியக் கூடங்களில் சட்டமிட்ட படங்களாக வரிசைகட்டித் தொங்குவதைப் பார்க்கிறோம். ரோமானியர்கள் சட்டமிட்டுப் படம் மாட்டியவர்கள் என்ற எண்ணமே வந்துவிடும். ஸ்தாபியே ஊர் வில்லா ஒன்றின் படுக்கையறையிலிருந்து வந்த ‘ஃப்ளோரா’ இதற்கு நல்ல உதாரணம். பச்சைப் பின்னணி, முதுகைக் காட்டி நடந்தபடியே கைநீட்டிப் பூக்கொய்யும் பெண். உயரம் 38 சென்டிமீட்டர்தான். அஞ்சலட்டைகளில் அவளை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். பெரிய சுவரொன்றில், கண் தற்செயலாகப் போய்ப் படும் சின்ன உருவமாக இருந்தவள் அவள்.

தரைத்தளத்தில் நிற்பவை வேறு வகை. அவை ஃபார்னேசே சொத்து. வெசூவியஸ் சாம்பலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ரோம் நகரின் கரகல்லா குளியல் மண்டபத்தில் 1546இல் கிடைத்த ஹெர்குலிஸ் 3.17 மீட்டர் உயரம். களைத்துப்போன பலசாலி, சிங்கத்தோல் போர்த்திய தடியில் சாய்ந்து நிற்கிறான். முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சோர்வு மட்டும்தான் தெரியும். சுற்றிப் பின்னால் போக வேண்டும். முதுகுக்குப் பின் மறைத்த வலக்கையில் ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்துக் கனிகளைப் பிடித்திருக்கிறான். அவனுக்கு இடப்பட்ட வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. ஏதென்ஸைச் சேர்ந்த கிளைக்கோன் செதுக்கியது என்று பாறையில் பெயர் வெட்டியிருக்கிறது. மூலம் லிசிப்பஸ் என்ற கிரேக்கச் சிற்பியின் வெண்கலம். ஆக, கிரேக்கர் நினைத்து, கிரேக்கர் செதுக்கி, ரோமானியப் பேரரசர் பணம் கொடுத்து, பொதுமக்கள் குளிக்கும் இடத்தில் நின்ற சிலை இது. ‘ரோமானியக் கலை’ என்ற சொற்றொடருக்குள் யார் யாரெல்லாம் அடக்கம் என்பதற்கு இந்த ஒரு சிலை போதும்.

அதன் கால்கள் தனிக்கதை. சிலை கிடைத்தபோது கால்கள் இல்லை. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதுக்கால்கள் செய்து பொருத்தினார். பிறகு உண்மையான கால்கள் கிடைத்தும், புதியவையே நன்றாக இருக்கின்றன, மாற்ற வேண்டாம் என்று மைக்கலாஞ்சலோ சொன்னதாக ஒரு மரபுச் செய்தி. 1787இல், நேப்பிள்ஸுக்குக் கொண்டுவரும் சமயத்தில்தான் பழைய கால்கள் திரும்பின. கழற்றிய கால்களை அருங்காட்சியகம் தூக்கிப் போடவில்லை. அதே கூடத்தின் சுவரில் தனியே மாட்டிவைத்திருக்கிறது. இரண்டு கால்கள் மட்டும் சுவரில் நிற்பதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். என் பார்வையில் இந்த அருங்காட்சியகம் செய்த மிக நேர்மையான காரியங்களில் அது ஒன்று.

இனி மொசைக் கூடம். பொம்பேயியின் மிகப் பெரிய வீடுகளில் ஒன்று ‘ஃபௌனின் வீடு’. ஒரு முழுத் தெருக்கட்டத்தையே அடைத்த, சுமார் 3,000 சதுர மீட்டர் மாளிகை. செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும்: வாசல், வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டி உள்ளே போகப் போக அடுத்தடுத்த கட்டுகள். இரண்டு தோட்டக் கட்டுகளுக்கு நடுவே, தூண்கள் நிற்கும் திறந்த அறை ஒன்றில் 1831 அக்டோபர் 24 அன்று தரையில் கண்டது அலெக்ஸாண்டர் மொசைக். கரையோடு சேர்த்து 5.82 மீட்டர் நீளம், 3.13 மீட்டர் அகலம். கற்கள் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது என்பது வழக்கமான மதிப்பீடு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பதித்தது. மூலம், அதற்கு இரு நூற்றாண்டுகள் முந்திய கிரேக்க ஓவியம். அந்த ஓவியம் இன்று எங்கும் இல்லை.

இடதுபுறம் தலைக்கவசம் இழந்த அலெக்ஸாண்டர், மார்புக் கவசத்தில் மெதூசா முகம். நீண்ட ஈட்டியால் ஒரு பாரசீக வீரனைக் குத்தி ஊடுருவுகிறான். வலதுபுறம் தேர்மேல் பாரசீக மன்னன் தாரியஸ். தேரோட்டி சாட்டையை ஓங்கித் திரும்பிவிட்டான்; மன்னனின் கை மட்டும் தனக்காக உயிர்விடும் வீரனை நோக்கி நீண்டிருக்கிறது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு, இவற்றின் சாயல்கள். நீலம் கிடையாது, பச்சை கிடையாது. நடுவில் ஒரு குதிரை பிட்டத்தைக் காட்டி நிற்கிறது. அதன் தொடைமேல் ஒளி விழும் இடத்தில் கற்கள் அரிசியைவிடச் சிறியவை, வரிசை தசையின் வளைவோடு போகிறது. கீழ் ஓரத்தில் விழுந்து கிடக்கும் ஒருவன், தன்மேல் சரியும் கேடயத்தின் பளபளப்பில் தன் முகத்தையே பார்க்கிறான்.

இப்போது இடத்தைக் கேட்டுப் பாருங்கள். இது சுவரில் நின்ற படம் அல்ல. விருந்தாளிகளின் காலடியில் கிடந்தது. தரையில் இருந்தபோது கீழ் ஓரத்து மனிதன்தான் பார்ப்பவருக்கு மிக அருகே இருந்திருப்பான். அலெக்ஸாண்டரைவிட முதலில் கண்ணில் படுவது சாகப்போகும் பாரசீகன் தன் முகத்தைக் காணும் கேடயம். அறை வாசலில் தூண்களுக்கிடையே நைல் நதிக் காட்சி, முதலை, நீர்யானை, வாத்துகள்: போருக்குள் காலெடுத்து வைக்கும் முன் எகிப்தைத் தாண்டியாக வேண்டும். அந்த நைல் பட்டையும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசற்படியாக அல்ல, தனிப் படமாக. மொசைக்கில் பழங்காலத்திலேயே சாந்து பூசி ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும். அவை சேதமல்ல, பயன்பாட்டின் தடயம். இத்தரையில் மனிதர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்திருக்கிறார்கள்.

1843இல் அதைப் பெயர்த்து மாட்டுவண்டியில் நேப்பிள்ஸுக்கு இழுத்துவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிமிர்த்திச் சுவரில் நிறுத்தினார்கள். தரையாகப் பிறந்தது செங்குத்தாக நின்றால் என்னாகும்? பின்னால் தாங்கும் உலோகச் சட்டம் ஈரத்தில் துருப்பிடித்தது, எடை கீழே இழுத்தது, கற்கள் கழன்றன. 2021இல் பெரும் பழுதுபார்ப்பைத் தொடங்க நேர்ந்தது. இடைச்செருகலாக ஒன்று: ஜெர்மானியக் கவிஞர் கதே இந்த மொசைக்கை நேரில் காணவில்லை. 1832 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாள் முன்பு, அதன் வரைபடம் ஒன்று கைக்கு வந்தபோது வியந்து எழுதினார். நாமும் அவரைப் போலத்தான் முதலில் இதைக் காகிதத்தில் பார்த்தவர்கள். அதனால்தான் சுவரில் நிற்பது நமக்கு உறுத்துவதில்லை.

மேல்தளத்தில், அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் கூடம் ஒன்றில் இருக்கிறது இந்த அருங்காட்சியகத்தின் திறவுகோல். தக்கையால் செய்த பொம்பேயி நகர மாதிரி. நூற்றில் ஒரு பங்கு அளவு. 1861இல் தொடங்கி, ஜுசெப்பே ஃபியொரெல்லியின் காலத்தில் வளர்ந்தது. தக்கையில் சுவர், காகிதத்தில் ஓவியம். ஒவ்வொரு அறையின் சுவர் வண்ணத்தையும் தரையின் கோலத்தையும் நகத்தளவில் தீட்டியிருக்கிறார்கள். அன்று தெளிவாகத் தெரிந்து, பிறகு வெயிலிலும் மழையிலும் அழிந்துபோன பல ஓவியங்களுக்கு இந்தத் தக்கைச் சுவர்தான் இன்று சாட்சி. வெட்டி எடுத்த படங்களை மனத்தில் திரும்ப ஒட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை.

பொம்பேயியில் சாம்பலுக்குள் உடல் விட்டுச்சென்ற குழியில் சுண்ணச்சாந்து ஊற்றி மனித வடிவங்களை வார்த்தவர் என்றுதான் ஃபியொரெல்லியை உலகம் அறியும். அவர் செய்ததில் பெரியது அதுவல்ல என்பேன். நகரத்தை ஒன்பது வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் தெருக்கட்டங்களுக்கு எண், ஒவ்வொரு கட்டத்திலும் வாசல்களுக்கு எண். 6, 12, 2 என்றால் ஆறாம் வட்டாரம், பன்னிரண்டாம் கட்டம், இரண்டாம் வாசல்: ஃபௌனின் வீடு. இறந்த நகரத்துக்கு அவர் கதவிலக்கம் கொடுத்தார். அருங்காட்சியகத்தின் விளக்கச் சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த மூன்று எண்களை யாரும் படிப்பதில்லை. மேலே தலைப்பு, கீழே காலம், அத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

எண் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு ஓவியங்கள். கணவனும் மனைவியும் நேராக நம்மைப் பார்க்கும் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அவன் கையில் சுருள், உடம்பில் வெள்ளைத் தோகா. அவள் எழுத்தாணியை உதட்டருகே வைத்து, மெழுகுப் பலகையை ஏந்தியிருக்கிறாள். தனியே பார்த்தால் படித்த உயர்குடித் தம்பதி. முகவரி 7, 2, 6. அந்த வீட்டை ஒட்டியே ரொட்டி அடுமனை. தெரேன்தியுஸ் நேயோ என்பது வீட்டுக்காரரின் பெயர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரொட்டி சுட்டு விற்றவர். தோகாவும் எழுத்தாணியும் அவர்கள் அணிய விரும்பிய தகுதி, வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முற்றத்தை ஒட்டிய அறையில் தீட்டவைத்தது. அடுமனையின் அனலும் மாவுத் தூசியும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தப் படத்தின் பெருமிதம் வேறாகத் தெரிகிறது. எனக்கு அது இன்னும் பிடித்துப்போகிறது.

இன்னொன்று 1, 3, 23 என்ற வாசலிலிருந்து வந்தது. வட்ட அரங்கத்தை வானிலிருந்து பார்ப்பது போலத் தீட்டி, அதன் உள்ளும் வெளியும் ஆட்கள் வெட்டிக்கொள்வதைக் காட்டுகிறது. கி.பி. 59இல் பொம்பேயிக்காரர்களுக்கும் அண்டை ஊரான நூகேரியாக்காரர்களுக்கும் மூண்ட கலவரம் இது, ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதுஸ் எழுதிவைத்திருக்கிறார். பத்தாண்டுகளுக்கு ஆட்டங்களுக்குத் தடைவிதித்தது ரோமானிய செனட். ஊர் மானம் போன நிகழ்ச்சியை ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் ஏன் வரையவைத்தார்? அடிபட்டவரா, அடித்தவரா, வெறும் ரசிகரா? பதில் வீட்டுச் சுவரோடுதான் இருந்திருக்கும். ஓவியத்தில் அரங்கத்தின் கூடாரத் துணியும், வெளியே மரத்தடிக் கடைகளும்கூட உண்டு. கலைத்திறன் சுமார். ஆனாலும் நாடகப் பாணி வீரர்கள் நிறைந்த அந்தக் கூடங்களில், நடந்த ஒன்றைக் காட்டும் படம் இது.

இடத்தைக் குறித்துவைத்தால் என்ன லாபம் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் சான்று தந்தார். அல்குபியர்ரேயின் கீழ் வேலைபார்த்த சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் வேபர். ஹெர்குலேனியத்தில் ‘பாப்பிரஸ் வில்லா’வை 1750 முதல் சுரங்கத்துக்குள்ளேயே அளந்து, வரைபடம் போட்டு, எந்தச் சிலை எந்தத் தூணருகே கிடைத்தது என்று குறித்தார். மேலதிகாரியின் எரிச்சல்தான் அவருக்குக் கிடைத்த பரிசு. அந்த வில்லா இன்றும் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். வேபரின் தாள் இருப்பதால்தான் ஓடத் தயாராய் முன்குனிந்து நிற்கும் இரண்டு வெண்கல இளைஞர்களும், பாறையில் அமர்ந்த ஹெர்மீஸும், குடித்துக் கிடக்கும் சத்தீரும், நீள்குளம் கொண்ட நூறு மீட்டர் தோட்டத்தில் எங்கெங்கே நின்றார்கள் என்று நமக்குத் தெரிகிறது. அந்த வரைபடத்தை வைத்துத்தான் 1974இல் அமெரிக்காவில் கெட்டி அருங்காட்சியகக் கட்டடத்தை எழுப்பினார்கள்.

இசிஸ் கோயில் அறைகளையும் விடாதீர்கள். 1764இல் பொம்பேயியில் கிடைத்த கோயில். துண்டுதுண்டாக வெட்டிய அதன் ஓவியங்களையும் சிலைகளையும் பின்னாளில் ஒரே அறைத்தொகுதியில் மறுபடி கூட்டியிருக்கிறார்கள். வாசற் கல்வெட்டு சொல்வது: நிலநடுக்கத்தில் இடிந்த இக்கோயிலைத் தன் செலவில் எழுப்பியவர் நுமேரியுஸ் பொபிதியுஸ் கெல்சினுஸ், நன்றியாக நகரசபை அவரை உறுப்பினராக்கியது, அவருக்கு வயது ஆறு. முன்னாள் அடிமையாக இருந்த தந்தைக்குச் சபையில் இடமில்லை; பிள்ளைக்கு இருந்தது.

‘ரகசிய அறை’யில் இந்தப் பெயர்ப்பு இரண்டாம் முறை நடந்தது. ஆண்குறி வடிவ வாசல் மணிகள், கடைத்தெருக் கல்வெட்டுகள், கூடல் காட்சிகள், பான் தேவனும் ஆடும் புணரும் பளிங்குச் சிலை. கண்ணேறு கழிக்க வாசலில் தொங்கியதும், தோட்டத்தில் விருந்தினர் முன் நின்றதும் இவற்றில் உண்டு. 1819இல் பட்டத்து இளவரசர் மனைவி மகளுடன் பார்க்கவந்து, இவற்றையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். பிறகு ஒரு கட்டத்தில் கதவையே செங்கல் வைத்து அடைத்தார்கள். கரிபால்டி திறக்கச் சொன்னார். ஃபாசிஸ்ட் ஆட்சியில் அனுமதிச் சீட்டு. பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்தது 2000இல். ரோமானியர் வீட்டில் சிதறிக் கிடந்தவற்றை ஒரே அறையில் குவித்ததும் அவை ஆபாசமாயின. பூட்டு அந்தப் பொருள்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பூட்டியவர்களைப் பற்றிச் சொல்கிறது.

அந்த அறையில்தான் நம் நாட்டுப் பெண் ஒருத்தியையும் வைத்தார்கள். யானைத் தந்தம், சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். கால்களைக் குறுக்காக வைத்து நிற்கிறாள். முழங்கைவரை வளையல், கணுக்கால் நிறையத் தண்டை, இடையில் கனத்த மேகலை, வேறு உடையில்லை. இரு பக்கமும் சின்னஞ்சிறு தோழிகள். 1938இல் தொல்லியலாளர் அமெதேயோ மையூரி பொம்பேயியின் அபொந்தான்சா தெருவை ஒட்டிய வீடொன்றில், 1, 8, 5 என்ற வாசலில், கண்டெடுத்தார். ‘லக்ஷ்மி’ என்று பெயர் வைத்துவிட்டார். யக்ஷி என்பதே பொருந்தும் என்பது இன்று பலர் கருத்து. தலையுச்சியில் செங்குத்தாக ஒரு துளை. கண்ணாடிப் பிடியாகவோ, சிறு மேசைக் காலாகவோ இருந்திருக்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான்: நாம் சிற்பம் என்று பார்ப்பது ஒரு தட்டுமுட்டுச் சாமானின் பாகம்.

தமிழர் நாம் உடனே உரிமை கொண்டாடிவிடுவோம், அவசரப்பட வேண்டாம். அடிப்பாகத்தில் உள்ள குறி கரோஷ்டி எழுத்து. அது வடமேற்கு இந்தியாவின் எழுத்து. நெருங்கிய ஒப்புமை கொண்ட தந்தப் பொம்மை கிடைத்தது மகாராஷ்டிரத்து போகர்தனில். அவள் சேரநாட்டுத் துறைமுகம் வழியாகப் போனாள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அவளைக் கொண்டுபோன கடல் வணிகத்தில் தமிழகத்தின் பங்கு பெரிது. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கில் தந்தத்தையும் கணக்கிடுகிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்று 149ஆம் பாட்டு குறிக்கிறது. செங்கடல் கரையில் எகிப்தின் குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் இருக்கின்றன. எதிர்த்திசையிலும் சரக்கு வந்தது: கோலாப்பூரில் கிடைத்த சிறு வெண்கலப் பொசைடன் அதற்குச் சாட்சி.

ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பி எழுதியவர் மூத்த பிளினி. அவர் மிசேனம் துறைமுகத்துக் கடற்படைத் தளபதி. வெசூவியஸ் வெடித்தபோது ஆட்களை மீட்கக் கப்பலோடு போய் ஸ்தாபியே கரையில் இறந்தார். அந்த விரிகுடாவின் கரையில்தான், அவர் கணக்கில் வராத ஒரு செலவாக, இந்தத் தந்தப் பெண்ணும் புதைந்தாள்.

பெயர்த்ததையெல்லாம் திரும்பக் கொண்டுபோய் வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு. 1890களில் பொம்பேயியில் வெத்தியர் வீட்டைத் தோண்டியபோது ஓவியங்களைச் சுவரிலேயே விட்டு, மேலே கூரை போட்டார்கள். நல்ல முறை அது, பிறகு அதுவே வழக்கமானது. ஆனால் 1943இல் நேசநாட்டு விமானங்கள் பொம்பேயிமேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டன. 2010இல் ஒரு மழைக்காலத்தில் படைக்கலக் கூடம் ஒன்று அப்படியே சரிந்தது. வெட்டி எடுத்தவர்கள் கொள்ளையர்கள்தான். அவர்கள் கொள்ளையடித்தது பிழைத்தது, நாகரிகமானவர்கள் விட்டுவைத்ததில் ஒரு பகுதி போயிற்று. இதில் யாருக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. செய்யக்கூடியது, செய்ய வேண்டியது ஒன்றே: விளக்கச் சீட்டில் அந்த மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் போடட்டும், பக்கத்தில் வீட்டின் வரைபடத்தை வைத்துப் படம் இருந்த சுவரில் ஒரு புள்ளி இடட்டும். செலவு அதிகமில்லை.

அது நடக்கும்வரை, போகிறவர்கள் முதலில் பொம்பேயியைப் பார்த்துவிட்டு மறுநாள் அருங்காட்சியகம் செல்வதே நல்லது. பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் இதைத் தலைகீழாகப் போடுகின்றன, அல்லது இரண்டையும் ஒரே நாளில் அடைக்கின்றன. வீட்டின் உருவம் கண்ணில் இருக்கும்போதுதான் எண்களைப் படிக்க முடியும். அந்த மறுநாள் செவ்வாய்க்கிழமையாக வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை.